போட்டோ பிரிண்ட்டை வெட்ட, மவுண்ட் செய்ய என்ன கருவி வாங்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு பிரிண்டரில் படம் எடுப்பவர்கள், லேபில் கொடுத்து 12×18 போட்டு வாங்குபவர்கள், டார்க்ரூமில் கருப்பு வெள்ளை செய்பவர்கள் என மூன்று தரப்பும் கேட்கிற கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கடைக்குப் போகும் முன் ஒன்றை மட்டும் முடிவு செய்துகொள்ளுங்கள்: இந்தப் பிரிண்ட்டை அட்டையிலிருந்து சேதமில்லாமல் திரும்பக் கழற்ற வேண்டி வருமா, வராதா? அது தெளிவாகிவிட்டால் பாதிக் கருவிகள் தேவையே இல்லை என்று தெரியும்.

கையில் ஒன்றுமே இல்லை. முதலில் எதை வாங்குவது?

9 மி.மீ. பிளேடு போடும் நல்ல கட்டர், 60 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல், ஏ2 அளவு கட்டிங் மேட், தச்சர் வைத்திருக்கும் மூலைமட்டம். இந்த நாலும் போதும். 12×18 அங்குலப் பிரிண்ட் என்றால் நீளம் சுமார் 46 செ.மீ., அதனால் 30 செ.மீ. ஸ்கேலை வைத்து நடுவில் நகர்த்தி நகர்த்தி வெட்டினால் அந்த இடத்தில் ஒரு படி விழும், ஓரத்தில் அது கண்ணை உறுத்தும். ஸ்கேல் எப்போதும் படத்தின் நீளப் பக்கத்தைவிட அரைச் சாணாவது கூடுதலாக இருக்கட்டும். பெரிய டிரிம்மர் மெஷினில் பணத்தைப் போடுவதற்கு முன் ஒரு பெட்டி நிறைய மாற்று பிளேடு வாங்குங்கள். சுத்தமான ஓரத்தைத் தருவது புது பிளேடுதான்.

கட்டரில் 9 மி.மீ., 18 மி.மீ. என்று இரண்டு இருக்கிறதே, எது?

படத்துக்கு 9, அட்டைக்கும் சன்போர்டுக்கும் (லேசான பிளாஸ்டிக் நுரைப் பலகை) 18. அகலமான பிளேடு வளையாது, தடித்த பொருளில் நேராக இறங்கும். மெல்லியது தாளில் நீங்கள் சொன்ன இடத்தில் திரும்பும். 9 மி.மீ.யில் நுனி 30 டிகிரி சாய்வாக இருக்கும் பிளேடும் கிடைக்கிறது, மூலையில் சரியாக நிறுத்தி வெட்ட அது ரொம்ப வசதி.

நுனியை ஒடித்து ஒடித்துப் புதுக் கூர் எடுக்கும் இந்த யோசனை 1956இல் ஜப்பானின் ஒசாகாவில் யோஷியோ ஒகாடா என்பவருக்கு வந்தது. அச்சகத்தில் காகிதம் வெட்டிக்கொண்டிருந்தவர் அவர், பிளேடு மழுங்குவதுதான் அவருக்கும் தலைவலி. பின்னாளில் ஓல்ஃபா என்ற பெயரில் வந்தது அதுதான். ஆக, நுனியை ஒடிக்கக் கஞ்சப்படாதீர்கள். நாலைந்து பிரிண்ட் வெட்டியதும் ஒடித்துவிடுங்கள். மழுங்கிய பிளேடு தாளை வெட்டாது, இழுக்கும். மேல்பூச்சு பொடிந்து ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும். அதிலும் இங்க்ஜெட் பரைட்டா (பேரியம் சல்பேட் பூச்சுள்ள) தாளில் இந்தப் பொடிதல் அதிகம்.

சர்ஜிக்கல் பிளேடு பயன்படுத்தலாமா?

தாராளமாக. 3ஆம் எண் கைப்பிடியும் 11ஆம் எண் பிளேடும் கேளுங்கள், அறுவை சிகிச்சைப் பொருள் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும். 11 கூர்முனை கொண்டது, நேர்க்கோட்டுக்குச் சரி. 22, 24 எல்லாம் 4ஆம் எண் கைப்பிடிக்கானவை, வளைந்த வயிறு உள்ளவை, நமக்கு வேண்டாம். ஒரே குறை, பிளேடு மெல்லியது, தடித்த அட்டையில் அழுத்தினால் முறிந்து தெறிக்கும். தாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிளேடு மாற்றும்போது வெறும் விரலால் இழுக்காமல் சின்னக் குறடு ஒன்றால் பிடித்துக் கழற்றுங்கள். பழைய பிளேடுகளை மூடியுள்ள மாத்திரை டப்பாவில் போட்டு வையுங்கள், குப்பை அள்ளுபவர் கையைக் கிழிக்க வேண்டாம்.

என் ஸ்கேல் நேராக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு தாளில் ஸ்கேலை வைத்து கூரான பென்சிலால் கோடு இழுங்கள். ஸ்கேலைக் குப்புறப் புரட்டி, அதே ஓரத்தை அதே கோட்டின் மேல் வைத்து இன்னொரு கோடு இழுங்கள். இரண்டும் ஒன்றாக விழுந்தால் நேர், நடுவில் இடைவெளி தெரிந்தால் வளைவு. கடையிலேயே செய்து பார்த்துவிட்டு வாங்கலாம், கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார். அலுமினிய ஸ்கேல், பிளாஸ்டிக் ஸ்கேல் இரண்டும் வேண்டாம், கத்தி ஓரத்தைச் சீவிவிடும். அடியில் தக்கை ஒட்டிய ஸ்டீல் ஸ்கேல் வழுக்காது. விரலைக் காக்க நடுவில் பள்ளம் வைத்த ஸ்கேலும் வருகிறது, அடிக்கடி வெட்டுபவர் அதைத்தான் வாங்க வேண்டும்.

கட்டிங் மேட் அவசியமா? பழைய அட்டை மேல் வைத்து வெட்டினால் ஆகாதா?

ஆகும், ஆனால் முந்தைய வெட்டின் தடத்தில் கத்தி சறுக்கி உங்கள் கோட்டை விட்டு விலகும். கண்ணாடி மேல் வைத்தால் பிளேடு உடனே மழுங்கும். மேட்டே சரி. வெயிலில் நிற்கும் காரிலோ மொட்டை மாடியிலோ விட்டுவிடாதீர்கள், ஒரு மதியத்தில் அலைபோல வளைந்துவிடும், அதற்கப்புறம் தட்டையாகவே ஆகாது.

ரோட்டரி டிரிம்மரா, கில்லட்டினா?

பிரிண்ட்டுக்கு என்றால் ரோட்டரி. காரணம் சொல்கிறேன். ஜெராக்ஸ் கடையில் பார்ப்போமே, நீளக் கைப்பிடியை மேலிருந்து கீழே அழுத்தும் கில்லட்டின், அதில் கத்தி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கத்தரிக்கோல் மாதிரி இறங்குகிறது. இறங்கும்போதே தாளை மெல்ல வெளியே தள்ளும். ஓரம் வில்லாக வளையும், அல்லது ஒரு முனையில் ஒரு மி.மீ. குறையும். நல்ல பிடிப்புத் தகடும் கனமான கத்தியும் உள்ள உயர்தரக் கில்லட்டினில் இது குறைவு, ஆனால் அந்த விலைக்கு நல்ல ரோட்டரியே வந்துவிடும். ரோட்டரியில் வட்டமான சின்னச் சக்கரப் பிளேடு ஒரு தண்டவாளத்தில் ஓடுகிறது. தாளை மேலிருந்து ஒளி ஊடுருவும் பட்டை ஒன்று அழுத்திப் பிடிக்கிறது. வெட்டும் இடத்தைக் கண்ணால் பார்க்கலாம், விரல் கத்திப் பக்கமே போகாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் இந்த ஒரு காரணமே போதும்.

வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். தலை தண்டவாளத்தில் ஆடக் கூடாது. விரலால் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தாலே தெரியும். அடிப்பலகை உலோகமாக இருக்க வேண்டும், பிளாஸ்டிக் பலகை நாளாவட்டத்தில் முறுக்கிக்கொள்ளும். மாற்றுச் சக்கரம் தனியாகக் கிடைக்கிறதா என்று கேட்டுவிடுங்கள், கிடைக்காவிட்டால் அந்த மெஷினுக்கு ஆயுள் ஒரு பிளேடுதான். பிறகு ஒரு சோதனை: ஒரு தாளை ஓரத் தடுப்பில் அணைத்து வெட்டி, இரண்டு துண்டாக்கி, ஒன்றைப் புரட்டி வெட்டிய ஓரங்களைச் சேர்த்து வையுங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் வெட்டு வளைவு. மூலை 90 டிகிரிதானா என்பதை மூலைமட்டம் சொல்லும்.

ஆனால் ரோட்டரி தாளுக்குத்தான். 1.5 மி.மீ. மவுண்ட் போர்டை அதில் தள்ளினால் சக்கரம் பிழைக்காது. மாதத்துக்கு நாலைந்து பிரிண்ட்தான் என்றால் ரோட்டரியே வேண்டாம், கட்டரும் ஸ்கேலும் அதே ஓரத்தைத் தரும், கொஞ்சம் நேரம்தான் கூடும்.

கையால் வெட்டும்போது கோணலாகப் போகிறது. என்ன செய்ய?

பெரும்பாலும் அழுத்தம்தான் காரணம். ஒரே இழுப்பில் வெட்ட நினைக்காதீர்கள். முதல் இழுப்பு கோடு போடுவதற்கு மட்டும், அடுத்த இரண்டு இழுப்பில் தாள் தானாகப் பிரியும். ஸ்கேல் படத்தின் மேலே இருக்கட்டும், வெட்டி எறியும் பக்கம் வெளியே இருக்கட்டும். கை தவறினால் கத்தி கழிவுக்குள் போகும், படம் தப்பும். ஸ்கேலுக்கும் படத்துக்கும் நடுவே சுத்தமான வெள்ளைத் தாள் ஒன்று வையுங்கள், பளபளப்பில்லாத மேட் (matte) தாளில் ஸ்டீல் உரசினால் பளபளவென்று தடம் விழும், அது போகவே போகாது. உட்கார்ந்து வெட்டாமல் நின்று வெட்டுங்கள், தோளிலிருந்து இழுத்தால் கோடு நேராக வரும். கையுறை போடுவதானால் நைட்ரைல். பருத்திக் கையுறையில் ஸ்கேல் வழுக்கும்.

எவ்வளவு வெள்ளை ஓரம் விட வேண்டும்?

ஓரம் முழுதையும் வெட்டி எறிவதுதான் பலர் செய்யும் அவசர வேலை. பிரிண்ட்டைப் பிடித்து வைப்பதற்கு அந்த ஓரம்தான் இடம் தருகிறது. சுற்றிலும் 2 முதல் 3 செ.மீ. வெள்ளை விட்டு பிரிண்ட் போடச் சொல்லுங்கள், லேபில் கேட்டால் செய்து தருவார்கள். ஜன்னல் மவுண்ட், அதாவது படம் தெரிய நடுவில் ஜன்னல்போல வெட்டிய அட்டை, படத்தின் மேல் 3 மி.மீ. ஏறி உட்கார்ந்தால் போதும். கையெழுத்து தெரிய வேண்டும் என்றால் ஜன்னலை படத்தைவிடச் சுற்றிலும் 6 மி.மீ., கீழே 10 மி.மீ. பெரிதாக வெட்டுங்கள்.

சரி, படத்தை அட்டையில் எப்படிப் பிடிக்க வைப்பது?

என் முதல் பதில் எப்போதும் போட்டோ கார்னர்தான். பாலியெஸ்டர் கார்னரோ, அமிலமில்லாத தாளில் நீங்களே மடித்த முக்கோணப் பையோ, நாலு மூலையிலும் சொருகிவிட்டு கார்னரை மட்டும் அட்டையில் ஒட்டுகிறோம். படத்தில் பசை ஒரு துளியும் படாது. நாளைக்கு அட்டை கறுத்தால், கண்ணாடி உடைந்தால், கண்காட்சிக்கு வேறு அளவில் கேட்டால், உருவி எடுத்துக்கொள்ளலாம். இறுக்கமாகச் சொருகாதீர்கள். அடைமழைக் காலத்தில் தாள் ஈரம் குடித்து விரியும், போக இடமில்லாவிட்டால் நடுவில் உப்பும். ஒரு மி.மீ. தளர்வு விடுங்கள்.

ஓரமே இல்லாத பைபர் தாள் (பிளாஸ்டிக் பூச்சில்லாத போட்டோ தாள்) பிரிண்ட், அல்லது ஓரங்கள் முழுதும் தெரிய மிதப்பதுபோல வைக்க வேண்டும் என்றால் கீல் முறை. ஜப்பானியக் கோஸோ தாளைக் கிழித்து (வெட்டக் கூடாது, கிழித்தால் நார் நீட்டிக்கொண்டு மெல்லியதாக முடியும், முன்பக்கம் தடம் தெரியாது) பின்பக்கம் மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு இடத்தில் கோதுமை ஸ்டார்ச் பசையால் ஒட்டுவது. படம் அதில் தொங்கும். பின்னாளில் கொஞ்சம் ஈரம் காட்டினால் பசை இளகி வந்துவிடும். லேபில் வரும் ஆர்சி தாளுக்கு இது ஒத்துவராது, இருபுறமும் பாலிஎத்திலீன் பூசியிருப்பதால் நீர்ப்பசை பிடிக்காது. அதற்குக் கார்னரே.

மைதாப் பசையும் கோதுமைதானே, அதைக் காய்ச்சி ஒட்டினால்?

வேண்டாம். மைதாவில் குளூட்டன் இருக்கிறது, மஞ்சளாகும், பூச்சி வரும். அதற்காகத்தான் பைண்டிங் செய்பவர்கள் மயில்துத்தம் கலக்கிறார்கள். அது தாமிர உப்பு, போட்டோ பக்கமே வரக் கூடாது. நமக்கு வேண்டியது குளூட்டன் நீங்கிய ஸ்டார்ச் மட்டும். அல்வாவுக்குக் கோதுமைப் பால் எடுத்து வைத்தால் அடியில் வெள்ளையாகத் தங்குமே, கிட்டத்தட்ட அதுதான். ஆனாலும் சுத்திகரித்த ஸ்டார்ச் பொடியாக வாங்குவதே நம்பகமானது. அன்றைக்குக் காய்ச்சியதை அன்றைக்கே பயன்படுத்துங்கள், நம் ஊர்ச் சூட்டில் சீக்கிரம் புளித்துவிடும்.

பெவிகால், டபுள் சைடு டேப், செல்லோ டேப்?

பெவிகால் மாதிரி வெள்ளைப் பசையில் நீர் அதிகம், தாள் சுருங்கி அலை அலையாகும், காய்ந்தபின் கழற்றவே முடியாது. செல்லோ டேப் மஞ்சளாகிப் பசை தாளுக்குள் இறங்கும். ரப்பர் சொலூஷன் கறை விடும். டபுள் சைடு டேப்பை ஜன்னல் அட்டையையும் பின் அட்டையையும் சேர்க்கப் பயன்படுத்தலாம், பிரிண்ட்டின் முதுகில் மட்டும் வேண்டாம்.

கண்காட்சிக்கு சன்போர்டில் ஒட்டச் சொல்கிறார்கள். தப்பா?

பத்து நாள் காட்சிக்கு, மறுபடி பிரிண்ட் போட முடிகிற படத்துக்கு, தப்பே இல்லை. லேசாக இருக்கும், சுவரில் டேப்பால் மாட்டலாம். கோல்டு (சூடில்லாத) லேமினேஷன் உருளையில் ஒட்டித் தரச் சொல்லுங்கள், கையால் தேய்த்தால் காற்றுக் குமிழி வரும். ஆனால் சன்போர்டு பிவிசி. நாளாக நாளாக அதிலிருந்து அமிலம் கசியும், வருஷக்கணக்கில் வைக்கும் படத்தை அதில் ஒட்டாதீர்கள். ஸ்பிரே பசையும் அப்படித்தான், வெப்பத்தில் ஓரம் எழும்பும், அப்புறம் அந்தப் பசை வாழ்நாள் முழுக்க முதுகில் இருக்கும். ஸ்பிரே அடிப்பதாக இருந்தால் ஜன்னலைத் திறந்து வைத்து, முகமூடி போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

டிரை மவுண்ட் பிரஸ் வாங்கலாமா? இஸ்திரிப் பெட்டி போதாதா?

படத்துக்கும் அட்டைக்கும் நடுவே ஒட்டுந்தாள் வைத்து, சூடான தட்டுக்குள் அழுத்துவது டிரை மவுண்ட். கண்ணாடி மாதிரி தட்டையாக வரும், அந்தத் தோற்றத்துக்கு ஈடு கிடையாது. கருப்பு வெள்ளை பைபர் பிரிண்ட் காய்ந்ததும் சுருளும் என்பதால் அமெரிக்க டார்க்ரூம் மரபில் இதை விரும்பினார்கள், அங்கே இயற்கைக் காட்சிகளுக்குப் பேர்போன புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் தன் பிரிண்ட்களை இப்படித்தான் மவுண்ட் செய்தார். விலை ஒரு பக்கம், திரும்ப வராது என்பது இன்னொரு பக்கம். அட்டையின் மூலை நசுங்கினால் படமும் நசுங்கியதுதான்.

ஆர்சி தாளுக்கு 90 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகும் ஒட்டுந்தாள் வேண்டும், அதிகச் சூட்டில் பிளாஸ்டிக் பூச்சு கொப்பளிக்கும். பைபர் தாள் இதைவிடக் கூடுதல் சூடு தாங்கும். அட்டையையும் படத்தையும் முதலில் தனியாகச் சூடாக்கி ஈரத்தை விரட்ட வேண்டும், கடலோர ஊர்களில் இதை விட்டுவிட்டால் நீராவி அடைபட்டுக் குமிழி எழும். இங்க்ஜெட் பிரிண்ட்டை நான் பிரஸ்ஸில் வைக்கச் சொல்ல மாட்டேன். இஸ்திரிப் பெட்டியில் சூடு நடுவில் ஒன்று, நுனியில் ஒன்று. துளைகள் உள்ள நீராவிப் பெட்டி என்றால் அந்த இடங்களில் ஒட்டாமலே போகும். பழகிப் பார்க்க வேண்டாத பிரிண்ட்டில் செய்யுங்கள், நல்ல படத்தில் வேண்டாம்.

மவுண்ட் போர்டு வாங்கும்போது என்ன கேட்பது?

கருவியைவிட முக்கியமானது இது. "ஆசிட் ஃப்ரீ" என்று ஒட்டியிருந்தால் மட்டும் நம்பாதீர்கள், லிக்னின் (மரக்கூழில் இருக்கும் பொருள்) இல்லாததா என்றும் கேளுங்கள். லிக்னின் இருந்தால் காலப்போக்கில் அமிலம் மறுபடி உருவாகும். போட்டோ செயல்பாட்டுச் சோதனை என்று ஒன்று உண்டு, ஐஎஸ்ஓ 18916. அமெரிக்காவில் ராச்செஸ்டரில் உள்ள இமேஜ் பெர்மனன்ஸ் இன்ஸ்டிட்யூட் உருவாக்கியது. அட்டையையோ பசையையோ போட்டோ பொருளோடு சேர்த்து 70 டிகிரி செல்சியஸிலும் 86 சதவீத ஈரப்பதத்திலும் 15 நாள் வைத்து, படம் வெளுக்கிறதா, கறை படிகிறதா என்று பார்ப்பார்கள். இதில் தேறியது என்று போட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

சயனோடைப் (நீல நிறத்தில் வரும் பழைய பிரிண்ட் முறை) செய்பவர்கள் மட்டும் கால்சியம் கார்பனேட் சேர்த்த போர்டைத் தவிர்க்க வேண்டும், காரம் அந்த நீலத்தை வெளுக்க வைக்கும். பிஹெச் பேனா ஒன்று கையில் இருந்தால் கோடு இழுத்துப் பார்க்கலாம்: ஊதா வந்தால் நல்லது, மஞ்சள் என்றால் அமிலம். அது மேற்பரப்பை மட்டும்தான் காட்டும், ஆகவே அட்டையின் வெட்டு ஓரத்திலும் தொட்டுப் பாருங்கள்.

மவுண்ட் போர்டில் ஜன்னல் வெட்ட மேட் கட்டர் (mat cutter) தேவையா?

வருஷத்துக்கு இரண்டு மூன்று படம் என்றால் பிரேம் கடையில் வெட்டச் சொல்லுங்கள். அதற்கு மேல் என்றால் வாங்கலாம். 45 டிகிரி சாய்வில் பிளேடு பிடிக்கும் கைக்கட்டர் மலிவு, ஆனால் தனி ஸ்கேல் ஓரமாக ஓட்டும்போது விலகும். கட்டர் தண்டவாளத்தில் பூட்டிக்கொண்டு ஓடும் பலகை மாதிரியே எனக்குப் பிடித்தது, லோகன் போன்ற கம்பெனிகள் செய்வது. அளவை அட்டையின் முதுகில் குறியுங்கள். அடியில் ஒரு கழிவு அட்டை வையுங்கள். பிளேடு மவுண்ட் போர்டைத் தாண்டி நூலிழைதான் இறங்க வேண்டும், அதிகம் இறங்கினால் பிளேடு வளைந்து மூலையில் கொக்கி விழும். மூலையைக் கொஞ்சம் தாண்டி வெட்டவும் பழகிக்கொள்ளுங்கள், எவ்வளவு தாண்ட வேண்டும் என்பது ஒவ்வொரு கட்டருக்கும் மாறும்.

பிரேம் கடையில் என்ன சொல்ல வேண்டும்?

"படத்தை ஒட்டாதீர்கள்" என்று முதலில் சொல்லிவிடுங்கள், சொல்லாவிட்டால் ஹார்டுபோர்டில் பசை தடவி ஒட்டிவிடுவது பல கடைகளில் வழக்கம். மவுண்ட்டைப் படத்தோடு நீங்களே தயார் செய்து கொண்டுபோய் சட்டம் மட்டும் போடச் சொல்வது இன்னும் நல்லது. ஹார்டுபோர்டு படத்தை நேரடியாகத் தொடக் கூடாது, நடுவே ஒரு நல்ல அட்டை இருக்கட்டும். சுவரில் ஓதம் இருந்தால் சட்டத்தின் பின்பக்கக் கீழ் மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டிவிடுங்கள், காற்று போய் வரும்.

கண்ணாடியில் படம் ஒட்டிக்கொள்கிறதே?

இடைவெளி இல்லாததுதான் காரணம். படத்தின் மேல்பூச்சில் உள்ள ஜெலட்டின் ஈரத்தில் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். ஜன்னல் மவுண்ட்டின் தடிமன் அந்த இடைவெளியைத் தருகிறது. மவுண்ட் இல்லாத சட்டம் என்றால் ஓரத்தில் 3 மி.மீ. பட்டை வைக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் இழுக்கவே இழுக்காதீர்கள், தண்ணீரிலும் ஊற வைக்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் எடுத்துவிட்டு, பழைய படங்களைப் பழுதுபார்த்துப் பாதுகாக்கும் நிபுணரிடம் கொடுங்கள்.

தாத்தா பாட்டி கல்யாணப் படம் தடித்த அட்டையில் இருக்கிறது. அட்டை ஓரம் உடைகிறது, வெட்டிவிடலாமா?

வெட்டாதீர்கள், தயவுசெய்து. முட்டை வெள்ளைக்கரு பூசிய அந்தக் கால ஆல்புமென் தாள் மிக மெல்லியது, ஒட்டாவிட்டால் சுருண்டுவிடும், அதனால் 19ஆம் நூற்றாண்டில் அட்டையில் ஒட்டுவதே நடைமுறை. 1858இல் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயப் புகைப்படக்காரர் மதுரையிலும் தஞ்சாவூரிலும் எடுத்த படங்கள்கூட அட்டையில் ஒட்டியவையே. பின்னால் வந்த ஸ்டுடியோக்களும் அந்தப் பழக்கத்தைத் தொடர்ந்தன. அந்த அட்டையில்தான் ஸ்டுடியோ பெயர், ஊர், சில சமயம் பின்னால் யாரோ எழுதிய பெயரும் தேதியும் இருக்கும். படத்தில் இருப்பவர் யார் என்பதற்கு வேறு சாட்சி இல்லாமல் போகலாம். முன்பக்கமும் பின்பக்கமும் ஸ்கேன் எடுங்கள். அடியில் விறைப்பான நல்ல அட்டை ஒன்று கொடுத்து, இரண்டையும் சேர்த்துப் பாலியெஸ்டர் உறையில் போட்டுப் படுக்கை வாக்கில் வையுங்கள். சுவரில் மாட்ட ஆசையென்றால் ஸ்கேனிலிருந்து புதுப் பிரிண்ட் போட்டு, அதை உங்கள் கட்டரால் வெட்டிக்கொள்ளுங்கள்.